ஹெட் போல்ட்: பழையதையே மாட்டலாமா?

சென்ற இதழில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் ஹெட் போல்ட்டைப் பற்றியே கேட்கின்றன. எனக்கு இதில் ரொம்பவே மகிழ்ச்சி. எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது கேஸ்கெட்டுக்கும் ஃபேசிங்குக்கும் (ஹெட்டின் அடிப்பரப்பைத் தட்டையாகச் சீவுவது) கிடைக்கிற கவனம் போல்ட்டுக்குக் கிடைப்பதில்லையே என்ற ஆதங்கம் வெகு நாளாக உண்டு. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: என் காரில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சினை நானே பிரித்திருக்கிறேன். பத்து ஹெட் போல்ட்டும் புதிது மாதிரியே இருக்கின்றன, மரை எங்கும் தேயவில்லை. இவற்றையே திரும்ப மாட்டலாமா?

பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் எஞ்சினுக்கான சர்வீஸ் மேனுவலை எடுத்து, ஹெட்டை எப்படி இறுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று படியுங்கள். ‘70 நியூட்டன் மீட்டர்’ என்பது போல டார்க் அளவு (எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு) மட்டும் இருந்தால் சாதாரண போல்ட். ‘40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடியும் 90 டிகிரி’ என்று கோணக் கணக்கும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் ஸ்ட்ரெட்ச் போல்ட், எல்லை வரை நீட்டி இறுக்கும் வகை. பழையதா புதியதா என்பதைத் தீர்மானிப்பது இந்த வித்தியாசம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது. அதைவிட அதிக விசையுடன் ஹெட்டை பிளாக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருப்பது போல்ட்டின் வேலை. அந்த விசை எங்கிருந்து வருகிறது? இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீளுகிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் பிடிப்பு. ஆக, நாம் ஸ்பேனரைப் பிடித்து இறுக்கும்போது உண்மையில் செய்வது போல்ட்டை அளவாக நீட்டுவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 10 என்பது அது அறுபடும் வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன். அடுத்த 9 என்பது அதில் 90 சதவீதம் வரை இழுத்தால் விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும் என்று பொருள். எஃகின் குணத்தை வைத்துக் கணக்குப் போட்டால், இழுபடும் பகுதி 100 மி.மீ. நீளம் இருக்கும் போல்ட் ஏறக்குறைய 0.4 மி.மீ. வரை நீண்டுவிட்டுத் திரும்பும். அதைத் தாண்டினால் திரும்பாது. பிளாஸ்டிக் பையின் கைப்பிடியை மெல்ல இழுத்தால் பழைய நிலைக்கு வரும், கனத்தை ஏற்றி இழுத்துவிட்டால் மெலிந்து, நீண்டு அப்படியே நின்றுவிடும் அல்லவா, அதே சங்கதி.

இப்போது அந்த ‘90 டிகிரி, மறுபடி 90 டிகிரி’க்கு வருவோம். மரை இடைவெளி 1.25 மி.மீ. என்றால் அரைச் சுற்றில் போல்ட் 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இறங்குகிறது. அதில் ஒரு பங்கு கேஸ்கெட் அமுங்குவதிலும் ஹெட் அமுங்குவதிலும் போகும். மீதியெல்லாம் போல்ட் நீள்வதுதான். முதலில் கொடுத்த 40 நியூட்டன் மீட்டரிலேயே கொஞ்சம் நீண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து அந்த எல்லைக்கு வந்துவிடும், பல எஞ்சின்களில் தாண்டியும் போகும். தயாரிப்பாளர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். எல்லையைத் தாண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் இழுப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் ஒரு போல்ட்டில் உராய்வு கூட, இன்னொன்றில் குறைவு என்று இருந்தாலும் பத்தும் ஏறக்குறைய ஒரே பிடிப்புக்கு வந்து நிற்கின்றன. அருமையான ஏற்பாடு. அதற்குக் கொடுக்கும் விலை, போல்ட் ஒவ்வொரு முறையும் நிரந்தரமாகக் கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் மெலிந்துபோவது.

எனவே என் தீர்ப்பு இது. மேனுவலில் ‘மறுபடி பயன்படுத்தக் கூடாது’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதிது போடுங்கள். ‘இந்த அளவுக்குள் இருந்தால் பயன்படுத்தலாம்’ என்று இருந்தால் அளந்து முடிவு செய்யுங்கள். கோணக் கணக்கு இருக்கிறது, ஆனால் மறு உபயோகம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றாலும் புதிதே போடுங்கள். டார்க் அளவு மட்டுமே உள்ள சாதாரண போல்ட் என்றால், மேனுவலில் மாற்றச் சொல்லாதவரை, சுத்தம் செய்து சோதித்துத் தாராளமாகத் திரும்ப மாட்டலாம். கேஸ்கெட், ஃபேசிங், பிரித்துக் கட்டும் உழைப்பு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால் போல்ட் செட் சின்னப் பங்குதான். அதை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த வேலையையும் இரண்டாவது முறை செய்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: என் எஞ்சினின் மேனுவல், அளந்து பார்த்துப் போல்ட்டைத் திரும்பப் போடலாம் என்கிறது. எங்கே, எப்படி அளப்பது?

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் முறை மாறும். சிலர் நீளத்துக்கு எல்லை தருவார்கள். போல்ட் தலையின் அடிப்பக்கத்திலிருந்து நுனி வரை அளக்க வேண்டும், தலையின் உயரத்தைச் சேர்க்கக் கூடாது. வாஷர் தனியாக வருவதாக இருந்தால் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். வேறு சிலர் மரைப் பகுதியில் இரண்டு இடங்களில் விட்டத்தை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். இது நல்ல முறை என்பது என் கருத்து. காரணம், போல்ட் முழு நீளத்துக்கும் சமமாக நீள்வதில்லை. பிளாக்கின் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும் பகுதி பத்திரமாக இருக்கும். அதற்குச் சற்று மேலே, எதிலும் கோக்காமல் வெறுமனே நிற்கும் சில மரைகள்தான் இழுபட்டு மெலியும். தண்டு மெலிதாகக் கடைந்த போல்ட் என்றால் தண்டே மெலியும். மொத்த நீளத்தில் சின்ன மாற்றம்தான் தெரியும், மெலிந்த இடத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வெர்னியரைத் தொடுவதற்கு முன்னால் செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன், நான் எப்போதும் இதிலிருந்துதான் தொடங்குவேன். பழைய போல்ட்டின் மரையை கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள புதிய போல்ட்டைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மரை மேடு மற்றதன் பள்ளத்தில் உட்காரும்படி இரண்டையும் நீளவாக்கில் சேர்த்துப் பிடியுங்கள். இப்போது வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். நல்ல போல்ட் என்றால் மரைக்குள் மரை கடைசி வரை படிந்து, வெளிச்சம் எங்கும் வராது. நீண்டுபோன போல்ட் என்றால் நுனியில் ஒழுங்காகப் படிந்து வரும் மரை, தண்டை நெருங்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, நடுவில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். மேலே போகப் போக மேடும் மேடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இதைப் பார்த்துவிட்டால் வெர்னியரே தேவையில்லை, அந்த போல்ட் முடிந்தது.

வெளிச்சம் வரவில்லை என்பதற்காக மட்டும் தேறிவிட்டது என்று எண்ண வேண்டாம், மேனுவல் சொன்ன அளவையும் பார்த்தே ஆக வேண்டும். அதோடு கண்ணாடிப் பலகையில் உருட்டி வளைவு இருக்கிறதா பாருங்கள். கூலன்ட் பட்டுத் துரு குழி விழுந்த போல்ட்டை எடுத்து வைத்துவிடுங்கள், அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். ஒன்றிரண்டு போல்ட் மட்டும் தேறவில்லை என்றால் முழு செட்டையும் மாற்றுவதே முறை. ஏற்கெனவே ஒரு முறை நீண்டதும் புதியதும் கலந்து நின்றால் ஒரே கோணத்துக்கு ஒரே பிடிப்பு கிடைக்காது.

கேள்வி: நான் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகுகிறேன். ஹெட் போல்ட்டை ஆயில் படாமல் காய்ந்த நிலையில்தான் இறுக்க வேண்டும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. மேனுவலில் ஆயில் தடவச் சொல்லியிருக்கிறது. யார் சொல்வது சரி ஐயா?

இந்த விஷயத்தில் மேனுவல் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. ஆனால் மேஸ்திரி அப்படிச் சொல்வதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. இரண்டையும் விளக்குகிறேன்.

டார்க் ரெஞ்ச் அளப்பது போல்ட்டைத் திருப்ப எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதை மட்டும்தான். போல்ட் எவ்வளவு நீண்டது என்று அதற்குத் தெரியாது. நாம் கொடுக்கும் முறுக்கில் பாதி அளவு போல்ட் தலைக்கு அடியில் உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் உரசுவதில் போகிறது. மீதி 10 சதவீதம் அளவுக்குத்தான் போல்ட்டை நீட்டுகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள். ரெஞ்ச் காட்டும் எண் அதேதான், ஆனால் உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பிடிப்பு 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். உராய்வு கூடினால் பிடிப்பு அதே போல் சரியும். மேனுவலில் கொடுத்த எண், அவர்கள் சொன்ன நிலையில் உள்ள போல்ட்டுக்குத்தான் பொருந்தும். எஞ்சின் ஆயில் தடவச் சொன்னால் எஞ்சின் ஆயில்தான், மரையிலும், தலைக்கு அடியிலும், வாஷரின் இரு பக்கத்திலும் மெல்லிய படலமாக. கையில் கிடைத்த கிரீஸையோ, மாலிப்டினம் கலந்த பேஸ்டையோ தடவினால் உராய்வு இன்னும் குறைந்து, அதே எண்ணுக்கு போல்ட் அதிகமாக இழுபடும். சில எஞ்சின்களில் போல்ட் துளை நேரே தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கும். அங்கே மரைக்கு சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) போடச் சொல்லியிருப்பார்கள், அதையும் விட்டுவிடக் கூடாது.

சரி, மேஸ்திரியின் பயம் என்ன? துளைக்குள் ஆயில் தேங்குவது. அந்தப் பயம் நூற்றுக்கு நூறு நியாயமானது. பிளாக்கில் உள்ள துளைகளில் பல அடி மூடியவை. ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட்டும் ஆயிலும் நேராக அவற்றுக்குள்தான் இறங்கும். திரவம் அமுங்காது. மேலேயிருந்து போல்ட் மரையில் இறங்கிக்கொண்டே வர, கீழே திரவத்துக்குப் போக இடம் கிடையாது. 10 மி.மீ. போல்ட்டை 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது ஏறக்குறைய 3 டன் விசையில் இழுக்கும். அந்த விசை ஹெட்டுக்குப் போகாமல், ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான அடிப்பரப்பில் தேங்கிய திரவத்தின்மேல் போனால் என்ன ஆகும்? துளையின் சுவர் வெடிக்கும்.

அப்படி வெடித்த பிளாக் ஒன்றை வேறொரு பட்டறையிலிருந்து என்னிடம் கொண்டு வந்தார்கள். துளையின் வாயிலிருந்து தலைமயிர் அளவுக் கோடு தண்ணீர் அறை வரை போயிருந்தது. விரல் வைத்தால் தெரியாது. ஊடுருவும் சாயம் பூசித் துடைத்த பிறகு சிவப்பாக எழுந்து வந்தது. கேஸ்கெட் மாற்ற வந்த கார் அது, பிளாக்கையே மாற்ற வேண்டியதாயிற்று. வெடிக்காவிட்டாலும் ஏமாற்றும். திரவத்தை அழுத்துவதற்கே முறுக்கு செலவாகி, அளவு வந்துவிட்டதாக ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லிவிடும், ஹெட்டின்மேல் பிடிப்பே இருக்காது. வண்டி ஓடத் தொடங்கிய சில நாளில் அதே இடத்தில் கசியும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: சிரிஞ்சின் நுனியில் மெல்லிய குழாயைச் செருகி ஒவ்வொரு துளையிலிருந்தும் திரவத்தை உறிஞ்சி எடுங்கள். பிறகு துணியைத் திரித்து விட்டுத் துடையுங்கள். கடைசியாகக் காற்று அடியுங்கள். காற்று அடிக்கும்போது கண்ணாடி அணியாமல் குனியவே கூடாது, துளையைச் சுற்றித் துணியையும் வையுங்கள், அழுக்கு ஆயில் நேராக முகத்துக்குத்தான் பாயும். மரையில் அழுக்கு ஒட்டியிருந்தால் மரை வெட்டும் டேப்பை விடாதீர்கள், அது நல்ல உலோகத்தையும் சீவி மரையைத் தளர்த்திவிடும். மரையைச் சுத்தம் செய்வதற்கென்றே சேஸர் கிடைக்கும். இல்லையென்றால் பழைய போல்ட்டின் மரையில் நீளவாக்கில் இரண்டு மூன்று வெட்டுக் கோடு போட்டு அதை விட்டு எடுக்கலாம். எல்லாம் முடிந்ததும் போல்ட்டைக் கையாலேயே திருகிப் பாருங்கள். விரல் பலத்திலேயே கடைசி வரை இறங்க வேண்டும். ஆயில் தடவிய போல்ட்டை மாட்டும் முன் ஒரு நிமிடம் தொங்கவிட்டுச் சொட்டு வடிய விடுங்கள். மேஸ்திரியும் திருப்தியாவார், மேனுவலும் நிறைவேறும்.

கேள்வி: மேனுவலில் டார்க் ‘4 கிலோகிராம் மீட்டர்’ என்று இருக்கிறது. என் ரெஞ்சில் நியூட்டன் மீட்டர்தான் இருக்கிறது.

9.8 ஆல் பெருக்குங்கள், 39 நியூட்டன் மீட்டர் வரும். பவுண்டு அடியில் கொடுத்திருந்தால் 1.356 ஆல் பெருக்க வேண்டும்.

கேள்வி: டார்க் முடித்து 90 டிகிரி திருப்பும்போது போல்ட் கிறீச்சென்று சத்தம் போடுகிறது. உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறேன். சரியாகச் செய்வது எப்படி?

பயம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் பாதியில் நிறுத்துவதுதான் இங்கே கெடுதல். நின்ற போல்ட்டை மறுபடி நகர்த்தக் கூடுதல் பலம் வேண்டும், அது திடுக்கென்று கிளம்பி, எங்கே நின்றீர்கள் என்ற கணக்கே போய்விடும். சத்தம் பெரும்பாலும் தலைக்கு அடியில் பிடித்துப் பிடித்து வழுக்குவதால் வருகிறது. வாஷரிலும் தலையடியிலும் ஆயில் போடாமல் விட்டிருந்தால் நிச்சயம் வரும்.

நான் செய்யும் விதம் இது. முதலில் ஹெட் ஒழுங்காகக் குந்தியிருக்கிறதா, பொருத்து ஊசிகளில் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எல்லாப் போல்ட்டையும் கையால் இறக்குவேன். பிறகு மேனுவலில் உள்ள வரிசைப்படி, நடுவில் தொடங்கி மாறி மாறி ஓரத்தை நோக்கிப் போவேன். நடுவில் தொடங்கினால் கேஸ்கெட்டும் ஹெட்டும் வெளிப்பக்கமாகப் பரவித் தட்டையாகப் படியும். ஓரங்களை முதலில் இறுக்கிவிட்டால் நடுவில் உப்பல் சிக்கிக்கொள்ளும். முதல் டார்க்கைப் பத்துக்கும் முடித்தபின், ஒவ்வொரு போல்ட் தலையிலும் எஞ்சினின் முன்பக்கம் பார்த்தபடி வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைப்பேன். 90 டிகிரி திருப்பினால் புள்ளி பக்கவாட்டுக்கு வரும், இரண்டாவது 90இல் பின்பக்கத்துக்கு. பத்துப் புள்ளியும் பின்னால் பார்த்தபடி நின்றால் எதையும் விட்டுவிடவில்லை, எதையும் இரண்டு முறை திருப்பவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். 60, 75 டிகிரி போன்ற கோணங்களுக்குக் கோணமானி பொருத்திக்கொள்வது நல்லது, கண் மதிப்பு அங்கே ஏமாற்றும்.

கோணம் திருப்ப நீளமான கைப்பிடி வேண்டும், கிளிக் ரெஞ்சை இதற்குப் பயன்படுத்திக் கெடுக்காதீர்கள். கால்களை ஊன்றி, கையை நீட்டி வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பில் மெதுவாக 90 டிகிரியையும் முடியுங்கள். உங்கள் கை கவனிக்க வேண்டியது இதுதான்: தொடக்கத்தில் கனம் ஏறிக்கொண்டே போகும், பிறகு ஏறாமல் ஒரே கனத்தில் போல்ட் நகரும். அது எல்லையைத் தொட்டுவிட்டது, எல்லாம் சரி என்று அர்த்தம். ஆனால் கனம் திடீரென்று குறைந்தால் உடனே நிறுத்துங்கள். போல்ட் கழுத்து மெலிந்து அறுபடப் போகிறது, அல்லது பிளாக்கின் மரை பிடுங்கிக்கொண்டு வருகிறது.

காற்றழுத்தத்தில் ஓடும் திருகும் துப்பாக்கியால் ஹெட் போல்ட்டை இறுக்குவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. கழற்றும்போதும் வேண்டாம். கழற்றுவது எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சுற்றுக்கு அரைச் சுற்றாகத் தளர்த்தி. சூட்டில் ஒரே பக்கமாகக் கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துகொள்ளும்.

கேள்வி: எங்கள் பழைய காருக்கு ஹெட் போட்டபோது சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி டார்க் வைத்தார்கள். இப்போதைய காருக்கு அது தேவையில்லை என்கிறார்களே, ஏன்?

இரண்டும் சரிதான். பழைய கேஸ்கெட்டுகள் நார் கலந்த மென்மையான தகடுகள். சூடும் அழுத்தமும் பட்டதும் அவை அமுங்கி மெலியும், மெலிந்தால் போல்ட்டின் நீட்சி குறையும், பிடிப்பு தளரும். அலுமினிய ஹெட் என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. 80 டிகிரி சூடு ஏறினால் 100 மி.மீ. உயர அலுமினியம் ஏறக்குறைய 0.18 மி.மீ. விரியும், அதே நீள எஃகு போல்ட் 0.1 மி.மீ. கூட விரியாது. எஞ்சின் சூடாகும் ஒவ்வொரு முறையும் ஹெட் வளர்ந்து போல்ட்டை இன்னும் இழுக்கிறது, நடுவில் இருக்கும் கேஸ்கெட் நசுங்குகிறது. ஆறியதும் பிடிப்பு முன்பைவிடக் குறைந்திருக்கும். அதனால்தான் மறு டார்க்.

இப்போது வருபவை பெரும்பாலும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுகள். அவற்றில் அழுத்தி எழுப்பிய மேடுகள் ஸ்பிரிங் மாதிரி எழும்பி நிற்கும், நாளாக நாளாக மெலியாது. ஸ்ட்ரெட்ச் போல்ட்டும் சேர்ந்துகொண்டால் மறு டார்க் தேவையும் இல்லை, செய்யவும் கூடாது. எல்லையைத் தொட்டு நிற்கும் போல்ட்டை மறுபடி திருப்புவது அதன் ஆயுளைக் குறைப்பதுதான்.

மேனுவல் மறு டார்க் சொன்ன பழைய எஞ்சின் என்றால், சும்மா ரெஞ்சை வைத்துக் கிளிக் வருகிறதா என்று பார்ப்பது போதாது. நின்றுபோன போல்ட்டின் உராய்வு அதிகம், நகராமலேயே கிளிக் சொல்லிவிடும். வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, ஒரு போல்ட்டை மட்டும் கால் சுற்றுத் தளர்த்தி, அதை முழு அளவுக்கு இறுக்கிவிட்டு, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் கேஸ்கெட் போச்சு.

கேள்வி: எனக்கு எஞ்சின் வேலை தெரியாது. கார் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துக் கிடக்கிறது. பழைய போல்ட்டையே போடுவதாகச் சொல்கிறார்கள். ஏமாறாமல் இருக்க நான் என்ன கேட்க வேண்டும்?

சகோதரி, ‘இந்த எஞ்சினுக்கு போல்ட்டைத் திரும்பப் போடலாம் என்று மேனுவலில் எங்கே இருக்கிறது, அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார். அளக்கச் சொல்லியிருந்தால் ஒரு போல்ட்டை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ஹெட்டின் அடிப்பரப்பு தட்டையாக இருக்கிறதா என்று நேர்விளிம்பும், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பல எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ. வளைவுதான் எல்லை, கண்ணால் பார்த்து ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லக்கூடிய அளவல்ல அது. பிளாக்கின் மேல்பரப்பையும் அதே போல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: கேஸ்கெட் ஏன் போனது? பெரும்பாலும் எஞ்சின் கொதித்ததால் போயிருக்கும். ஏன் கொதித்தது? தெர்மோஸ்டாட்டா, ஃபேனா, அடைத்த ரேடியேட்டரா, எங்காவது கசிந்து கூலன்ட் குறைந்ததா? அந்தக் காரணத்தைச் சரி செய்யாமல் எத்தனை புதிய போல்ட் போட்டாலும் ஹெட் மறுபடி கொதித்து மறுபடி வளையும். கழற்றிய பழைய போல்ட்டுகளையும் கேஸ்கெட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய ஹெட் கேஸ்கெட்டின் இரு பக்கமும் சீலன்ட் தடவினால் கூடுதல் பாதுகாப்புதானே?

வேண்டவே வேண்டாம். எஃகு கேஸ்கெட்டில் அதற்கென்ற பூச்சு ஏற்கெனவே உண்டு. மேனுவல் குறிப்பாகச் சொன்ன மூலைகளில் மட்டும், சொன்ன அளவு.

கேள்வி: அலுமினிய பிளாக். கழற்றும்போது ஒரு போல்ட்டோடு மரையும் சுருள் சுருளாகப் பிய்ந்து வந்துவிட்டது. பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

தேவையில்லை. மரை போன துளையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, புது மரை வெட்டி, அதற்குள் எஃகால் ஆன மரைச் செருகு வைத்துவிடலாம். சுருள் கம்பி வடிவிலும் வரும், கெட்டியான குழல் வடிவிலும் வரும். ஹெட் போல்ட் போல அதிக இழுப்பு உள்ள இடத்துக்குக் குழல் வடிவத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். சரியாக வைத்தால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும். ஆனால் இதைக் கைத் துளைப்பானில் கண்மதிப்பாகச் செய்யக் கூடாது. துளை ஒரு டிகிரி சாய்ந்தாலும் போல்ட் தலை ஒரு பக்கமாகக் குந்தும், இழுப்பும் ஒரு பக்கமாகப் போகும். பிளாக்கின் முகத்துக்குச் செங்குத்தாக வழிகாட்டித் தகடு பொருத்தித் துளைக்கும் பட்டறையில் கொடுங்கள். செருகின் மேல் விளிம்பு பழைய மரை தொடங்கிய ஆழத்திலேயே நிற்க வேண்டும், பிளாக் முகத்துக்கு மேலே துளிகூட எழும்பக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு துளையில் மரை வந்துவிட்டது என்றால் மற்ற ஒன்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மரை முனைகள் மழுங்கி, பொடிப் பொடியாக அலுமினியத் துகள் உதிர்ந்தால் அவற்றுக்கும் இப்போதே செருகு வைத்துவிடுவது நல்லது. ஹெட்டை ஏற்றி, கோணம் திருப்பும்போது ஏழாவது போல்ட்டில் மரை பிடுங்கிக்கொண்டால், மற்றதையெல்லாம் கழற்றி, புதிய கேஸ்கெட்டும் புதிய போல்ட் செட்டும் இன்னொரு முறை வாங்க வேண்டியிருக்கும்.